மலை ஏறும்போது கார் திணறுதா? டர்போவை மாத்துறதுக்கு முன்னாடி இதை பாருங்க!

நாமக்கல்,
கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சமதரையில் ஜம்மென்று வந்த டர்போ கார், ஆளும் லக்கேஜுமாக மலை ஏறும்போது மட்டும் திணறும். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் புல்லிங் இருக்காது. கீழே வந்து ஷெட்டில் காட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்!

'டர்போ போச்சு' என்று அவசரப்பட்டு மாற்றினால் வாடகை கார் ஓட்டுபவருக்கு பல நாள் வருமானம் காலி. ஆனால் கோளாறு ஒரு ரப்பர் ஹோசிலேயே கூட இருக்கலாம்.

டர்போ வேலை என்ன?

என்ஜினில் இருந்து வேகமாக வெளியேறும் புகை ஒரு சக்கரத்தை சுற்றும். வேகம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றையும் தாண்டும். அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம், காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். இதுதான் பூஸ்ட். வண்டி நின்றபடி ஓடும்போது பூஸ்ட் வராது. பாரம் இழுக்கும்போதுதான் வரும். அதனால்தான் ஷெட்டில் கோளாறு தெரிவதில்லை.

டீசல் காரா? புகையை பாருங்க

கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை. ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்க. அடுத்து டர்போவில் இருந்து என்ஜினுக்கு போகும் ஹோஸ், கிளிப். பூஸ்ட் வரும்போதுதான் ஹோஸ் உப்பி, கிழிசல் வாய் திறக்கும். மிதிக்கும்போது 'உஸ்' சத்தம், ஹோசின் அடிப்பக்கம் ஆயில் பிசுக்கு.. இரண்டும் இருந்தால் ஆள் சிக்கினார்!

புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் போதாமல் இருக்கலாம். டீசல் பில்டர் அடைப்பு, தண்ணீர் கலப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போ மீது சந்தேகப்பட வேண்டியது அப்போதுதான். அதிலும் பிஸ்டன் ரிங் தேய்மானம் இல்லையா என்பதை உறுதி செய்யணும்.

பெட்ரோல் காரா?

காற்றின் அழுத்தம் கூடக்கூட பிளக்கில் பொறி விழுவது கஷ்டம். தேய்ந்த பிளக், வீக்கான காயில் இருந்தால் சாதாரணமாக ஓடும் வண்டி, பூஸ்டில் மட்டும் 'மிஸ்' அடிக்கும். சந்தேகமான காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றி போடுங்க. மிஸ்சும் கூடவே மாறினால் காயில்தான் குற்றவாளி. மிஸ் அடிக்க அடிக்க ஓட்டினால் சைலன்சர் பக்கம் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும்.

ஸ்கேனர் சொல்வது என்ன?

என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போடச் சொல்லுங்க. 'பி 0299' வந்தால் பூஸ்ட் குறைவு என்றுதான் அர்த்தம். டர்போ செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஹோஸ் கிழிந்தாலும் இதே கோடு வரும். 'பி 0302' என்றால் 2-வது சிலிண்டரில் மிஸ்.

உஷார்!

மலை ஏறிய சூட்டில் டர்போ பக்கம் கை வைக்காதீங்க. ஓடும் டீசல் என்ஜினில் இன்ஜெக்டர் பைப்பை கழற்றவே கூடாது. அதன் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலையே துளைத்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் 'டர்போ மாத்தணும்' என்று சொன்னால், எதை வைத்து சொல்றீங்க என்று ஒரு வார்த்தை கேளுங்க. கழற்றிய பழைய டர்போவையும் மறக்காம கையில் வாங்கி பாருங்க!