மருந்துக்கும் உண்டு அளவு!

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் பேரருவியில் கூட்டத்துக்குக் குறைவிராது. தண்ணீர் நூலாக விழுந்தால் வந்தவர்களுக்கு ஏமாற்றம். வெள்ளம் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினாலோ, குளிக்கத் தடை! அளவாக விழுந்தால்தான் ஆனந்தக் குளியல்.

கிருமிகளைக் கொல்லும் மருந்துகளின் சங்கதியும் இதுவே. ரத்தத்தில் மருந்து குறைந்தால் கிருமி சாகாது. மருந்துக்குப் பழகியும் போகும். அமிக்காசின் போன்ற மருந்து மிஞ்சினாலோ சிறுநீரகத்துக்கும் காதுக்கும் ஆபத்து.

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால் போதாதா? போதாது.

1941-ல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் ஊசி போட்டார்கள். உடல் தேறியது. கையிருப்போ சொற்பம். சிறுநீரில் வெளியேறிய மருந்தையே பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினார்கள். அப்படியும் மருந்து தீர்ந்துபோயிற்று, அவர் மாண்டார். உடல் மருந்தை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது!

அந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார் இதை ஆராய்ந்தார்கள். ஐசோநியாஸிட் மருந்தைச் சிலர் உடல் விரைவில் செயலிழக்கச் செய்கிறது. சிலர் உடல் மெதுவாக.

உயிருக்குப் போராடும் நோயாளியிடம் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். உடம்பில் நீர் கோத்தால் மருந்து நீர்த்துப்போகும். சிறுநீரகம் பழுதானால் மருந்து தேங்கும். சிலருக்கோ கடும் நோயின் வேகத்தில் சிறுநீரகம் அதிகமாக வேலை செய்து மருந்தை வெளியே கொட்டிவிடும். அடுத்தடுத்த கட்டில்களில் இருவருக்கு ஒரே ஊசி. ஒருவருக்குப் பற்றாக்குறை, மற்றவருக்கு மிகை!

10 நாடுகளின் 68 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. பெனிசிலின் இனத்து மருந்துகள் பெற்ற தீவிர சிகிச்சை நோயாளிகளில் 100-க்கு 16 பேருக்குக் குறைந்தபட்ச அளவுகூட எட்டவில்லை.

ஆகவேதான் வான்கோமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகளுக்கு ரத்தத்தை எடுத்து அளந்து பார்க்கிறார்கள். பெரும்பாலும் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு ரத்தம் எடுப்பார்கள். ஊசி போட்ட மணியும் ரத்தம் எடுத்த மணியும் தவறாகக் குறிக்கப்பட்டால் கணக்கே தவறிவிடும்.

இந்தச் சோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினையும் சிறுநீர் போகும் அளவையும் பார்த்து டாக்டர்கள் மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

தென்காசியானாலும் சென்னையானாலும் உறவினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயாளிக்கு முன்பே சிறுநீரகக் கோளாறு இருந்ததா, வேறு மாத்திரையோ மூலிகை மருந்தோ சாப்பிட்டாரா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த ஒரு சொல் உயிரையே காக்கலாம்.