உங்களுக்குத் தெரியுமா? ஆஃப்சைடு இல்லை என்று தெரிந்தும் ரத்தான கோல்

2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாமுக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல், உதவி நடுவர் ஆஃப்சைடு கொடி உயர்த்தியதால் ரத்தானது. வீடியோ நடுவர் கோடு போட்டுப் பார்த்ததில் ஆஃப்சைடே இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, ‘சோதனை முடிந்தது’ என்று மட்டும் சொன்னார், ஆட்டம் தொடர்ந்தது. லிவர்பூல் 1-2 என்று தோற்றது. தவறு தெரிந்ததும் நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு இத்தகைய முடிவை மாற்ற விதி இடம் தராது. தந்தால் எந்தக் கோலுக்கும் நிச்சயம் இருக்காது. கேமரா சரியாகத்தான் காட்டியது, எனவே அதைத் திட்டுவதில் (லிவர்பூல் ரசிகர்கள் பொறுத்தருள்க) நியாயமில்லை. குறை நடுவர்களின் பேச்சில் இருந்தது. சோதனை முடிவைத் துணை வீடியோ நடுவரிடம் உறுதிசெய்த பின்னரே மைதானத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற நடைமுறை அதன்பிறகே வந்தது.