திருகாணியா, பொடி வைத்ததா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் நாத்தனார் வீட்டில் கொலுசு வியாபாரம். அவள் பெண் கம்ப்யூட்டரில் கொலுசுக்கு டிசைன் போடுகிறாள். ஏதோ ஓர் ஆபீஸில் உழைத்து ஓய்ந்த லாப்டாப்பைச் சகாய விலையில் வாங்கியிருந்தாள். திரையில் கொலுசைத் திருப்பிப் பார்த்தால் படம் நொண்டி நொண்டி நகருகிறதாம். "புது கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆக வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

நாத்தனார் சீட்டுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். துணைக்கு நானும் போனேன்.

ரிப்பேர்க் கடைக்காரர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். "அக்கா, கொலுசிலே திருகாணியை மாற்றலாம். பொடி வைத்து ஊதின சலங்கையை மாற்ற முடியுமா? இதிலே கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே அடக்கம். பிராசசரோ மதர்போர்டோடு பற்றவைத்தது!"

நாத்தனாருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெண்ணின் முகம்தான் வாடிப்போயிற்று.

நாமக்கல்லில் லாரி சேஸிஸ் மேல் வேண்டிய பாடியைக் கட்டிக்கொள்ளலாம். மேஜைக் கம்ப்யூட்டரும் ஏறக்குறைய அந்த ஜாதி. ஆபீஸ் லாப்டாப் அப்படியல்ல. விதிவிலக்கு உண்டு. 2004-ல் என்விடியா கொண்டுவந்த எம்.எக்ஸ்.எம். முறையில் கார்டு தனியாகக் கழலும். டெல் பிரிசிஷன், எச்.பி. எலைட்புக் வரிசைகளின் சில பழைய 'ஒர்க்ஸ்டேஷன்' மாடல்களில் அது இருந்தது. அங்கேயும் புதுக் கார்டின் சூட்டை விசிறி தாங்க வேண்டும். பயாஸ் அதை ஏற்க வேண்டும். 2023-ல் அறிவிக்கப்பட்ட 'பிரேம்வொர்க் 16' லாப்டாப்பில் கிராபிக்ஸ் பகுதியையே கழற்றி மாட்டலாம்.

மின்னல் குறியிட்ட 'தண்டர்போல்ட்' துளை இருந்தால், வெளியே ஒரு பெட்டி வைத்து அதில் பெரிய கார்டைப் பொருத்தலாம். ஆனால் பெட்டி, கார்டு எல்லாம் சேர்ந்தால் பழைய லாப்டாப்பின் விலையையே விழுங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

"வேறு வழியே இல்லையா?" என்றாள் பெண்.

இருந்தது. இம்மாதிரி கிராபிக்ஸ், ராம் நினைவகத்தில்தான் பங்கு கேட்டு வேலை செய்கிறது. உள்ளே ராம் ஒன்றுதான் இருந்தது. பக்கத்துத் துளை காலி. கடைக்காரர் அங்கே ஜோடி ராம் ஒன்றைப் போட்டார். விசிறித் தூசியைத் துடைத்து, சூடு கடத்தும் பசையையும் புதிதாகத் தடவினார். இரண்டு ராம் சேர்ந்தால் கிராபிக்ஸுக்கு இருவழிப் பாதை கிடைத்த மாதிரி. நொண்டல் முழுக்கப் போகவில்லை, வெகுவாகக் குறைந்தது.

மீதிச் சீட்டுப் பணம் மேஜைக் கம்ப்யூட்டருக்காகப் பத்திரமாக இருக்கிறது. இப்போதெல்லாம் நாத்தனார் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: "இது திருகாணியா, பொடி வைத்ததா?"