373-ஆம் எண் டிக்கெட்

ரயிலில் ஏறி "என் பெர்த் 32" என்று சொன்னால் போதாது. எந்தப் பெட்டி என்றும் சொல்லவேண்டும். எஸ்4-இல் ஒரு 32 உண்டு, எஸ்5-இல் இன்னொரு 32 உண்டு. பெட்டியும் எண்ணும் சேர்ந்தால்தான் அது உங்கள் இடம். இப்படி இரண்டு மூன்று நெடுவரிசைகள் சேர்ந்து ஒரு பதிவை அடையாளம் காட்டுவதை டேட்டாபேஸ்காரர்கள் கம்போசிட் பிரைமரி கீ என்கிறார்கள். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் எல்லாவற்றிலும் நெடுநாளாக இருக்கும் சாதாரண வசதிதான்.

பைத்தானில் இணையதளம் கட்டுகிறவர்களுக்குப் பழக்கமான ஜாங்கோவில் மட்டும் அது நெடுநாள் இல்லாமலிருந்தது. வேண்டுமென்று 2005-லேயே ஒருவர் கேட்டுவிட்டார். அந்தக் கோரிக்கைச் சீட்டுக்கு, அதாவது டிக்கெட்டுக்கு, 373 என்ற எண் விழுந்தது. 2025 ஏப்ரலில் வெளியான 5.2 பதிப்பில்தான் வசதி கைக்கு வந்தது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள். இடையில் டிக்கெட் எண்கள் 36 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் ஏன் இத்தனை தாமதம்? சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காரணம் ஜாங்கோ பிறந்த இடத்திலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்றொரு ஊர். அங்குள்ள லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் 2003-இல் ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் இதை எழுதத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரை வைத்தார்கள். செய்தி அறையில் வேலை எப்போதும் அவசரம்; செய்தியை உள்ளிட நிருபர்களுக்கு ஒரு திரை உடனே வேண்டும். அப்படி வந்ததுதான் ஜாங்கோவின் அட்மின் பக்கம். ஒரு செய்திக்கு ஒரு எண், அந்த எண்ணே அட்மின் முகவரியிலும் வரும். வேகமாக வேலை முடிக்க இதைவிட எளிய வழி இருந்திருக்காது.

அந்த 'ஒரே எண்' மெல்ல மெல்ல எங்கும் வேர்விட்டது. இரண்டு பதிவுகள் ஒன்றுதானா என்று பார்க்க ஜாங்கோ அந்த எண்ணைத்தான் ஒப்பிடுகிறது. சேமிக்கும்போது புதியதா, பழையதைத் திருத்துவதா என்று முடிவெடுக்கவும் அதைத்தான் பார்க்கிறது. ஒரு அட்டவணையிலிருந்து இன்னொன்றைச் சுட்டும் ஃபாரின் கீ ஒற்றை நெடுவரிசைதான். ஒரு இடத்தில் 'இரண்டு எண்' என்று மாற்றினால் இன்னொரு மூலையில் உடையும். ஆகவே நாங்கள் எல்லோரும் குறுக்கு வழியில் போனோம்: தேவையே இல்லாத ஒரு வரிசை எண்ணைச் சேர்த்துவிட்டு, இரண்டு நெடுவரிசைகளும் சேர்ந்து மறுபடி வரக்கூடாது என்று தனியாக ஒரு கட்டுப்பாடு போடுவோம். புது அட்டவணைக்கு இது போதும். வேறு யாரோ எப்போதோ கட்டிவைத்த பழைய டேட்டாபேஸை ஜாங்கோவோடு இணைக்கவேண்டி வந்தவர்களுக்குத்தான் வலி தெரியும்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2011-இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் ஒரு மாணவர் இதை எடுத்துக்கொண்டார். ஆனால் இந்த மாதிரித் திருத்தம் (பேட்ச்) எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடுகிறது. தொடுகிற இடம் கூடக் கூட, அதைப் படித்துச் சரிபார்க்க நேரமுள்ள கண்கள் குறைகின்றன. படிப்பதற்குள் அடியிலுள்ள நிரல் மாறிவிடுகிறது, பேட்ச் பழசாகிவிடுகிறது.

கடைசியில் வழி திறந்தது வேலையைத் துண்டாக்கியபோது. முதலில், இரண்டு மதிப்புகளை ஒரு ஜோடியாக வைத்து ஒப்பிடும் திறன் மட்டும் தனியே உள்ளே போனது. கம்போசிட் கீ அதன் மேல் ஏறி 2024 இறுதியில் மூல நிரலில் சேர்ந்தது. அப்போதும் முழுமையாக இல்லை. 5.2-இல் இப்படிக் கட்டிய அட்டவணையை (மாடலை) அட்மினில் சேர்க்க முடியாது. ஃபாரின் கீ அதைச் சுட்ட முடியாது. ஏற்கெனவே இருக்கும் அட்டவணையை அட்டவணை அமைப்பை மாற்றும் 'மைக்ரேஷன்' வழியாக இதற்கு மாற்றவும் முடியாது. இவற்றை விட்டுவிட்டு வெளியிடலாம் என்று ஒப்புக்கொண்டதுதான், என் கணிப்பில், இந்த இருபதாண்டுக் கதையின் மிகத் துணிச்சலான முடிவு. எழுதிய நிரலைவிட அது கடினமானது. அட்மின்தான் ஜாங்கோவின் முகம். அது இல்லாமல் ஒரு வசதியை வெளியிட மனம் வரவேண்டும்.

2006-இல் இதே ஜாங்கோ குழு வேறு மாதிரி நடந்துகொண்டது. உள்ளே மறைவாக நடந்த மாயவேலைகளையெல்லாம் பிடுங்கி எறிந்து 0.95 பதிப்பை வெளியிட்டார்கள். பழைய நிரல் உடைந்தது. பயன்படுத்தியவர்கள் சிலரே, தாங்கிக்கொண்டார்கள். இன்று அப்படி உடைக்க முடியாது; இன்ஸ்டாகிராம் உட்பட எத்தனையோ தளங்கள் இதன்மேல் நிற்கின்றன. சுமார் எட்டு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. பழைய வசதி ஒன்றை நீக்கவேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இதையெல்லாம் காப்பவர்கள் மிகச் சிலர். 2014 முதல் ஜாங்கோ மென்பொருள் அறக்கட்டளை நன்கொடைப் பணத்தில் 'ஃபெலோ' என்ற பெயரில் ஓரிருவருக்குச் சம்பளம் தருகிறது. புது டிக்கெட்டுகளைப் பிரிப்பது, பேட்ச்களைப் படிப்பது, பதிப்பை வெளியிடுவது எல்லாம் அவர்கள் தலையில். மற்றவர்கள் மாலைகளையும் விடுமுறைகளையும் கொடுக்கிறார்கள். முன்பு 'கோர் டெவலப்பர்' என்று ஒரு தனி வட்டம் இருந்தது. அதற்குள் புதியவர்கள் வருவது அரிதாகிப்போனதால் 2020-இல் அந்த வட்டத்தையே கலைத்துவிட்டார்கள். கையிலிருந்த அதிகாரத்தைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்த அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

373 மூடப்பட்டுவிட்டது. விட்டுப்போன அட்மினும் ஃபாரின் கீயும் தனித்தனி டிக்கெட்டுகளாகத் திறந்து, அடுத்து எடுத்துக்கொள்பவருக்காகக் காத்திருந்தன.