உருவப்படமும் வில்லைத் தெரிவும்

மனிதர் முகத்தைப் படம்பிடிக்கப் புகுவோர் முதலில் வினவுவது எந்தக் கமரா சிறந்தது என்பதே. அவ்வினா அத்துணை முதன்மை வாய்ந்ததன்று. கமரா என்பது ஒளிபுகாத ஒரு பெட்டி. முகத்தின் விம்பத்தை அமைப்பது அதன் முன்னுள்ள வில்லை. அவ்வில்லையைத் தெரிவதிலும் அதனை நிறுத்தும் இடத்திலும் நேரும் பிழை, பின்னர்க் கணினியில் எத்துணைதான் திருத்தினும் முற்றாக நீங்குவதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் மறைந்த பெரியோரின் படத்தை மாலையிட்டுச் சுவரில் வைத்தல் வழக்கம். பேரப்பிள்ளைகள் பலர் தம் பாட்டனாரை அறிவது அவ்வொரு படத்தினாலேயே. அதில் மூக்குப் பருத்தும் செவிகள் பின்னொதுங்கியும் காணப்படுமாயின், அவர் அவ்வாறே இருந்தார் என அடுத்த தலைமுறை நம்பிவிடும்.

உருவப்படத்திற்கெனத் தனி வில்லை தோன்றிய வரலாறு சுவையானது. 1839ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் டகேர் என்பார் கண்ட படமுறை உலகறிய வெளியிடப்பட்டது. அக்காலக் கமராக்களுக்குச் செவாலியே என்னும் தொழில்வல்லார் செய்தளித்த வில்லை கட்டடங்களையும் தெருக்களையும் காட்ட ஏற்றதாயினும் மிகச் சிறிய துவாரமுடையது. நல்ல வெயிலிலும் ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. கட்டடம் பொறுத்திருக்கும், மனிதனோ இமைப்பான், மூச்சுவிடுவான், தலையசைப்பான். தலையைப் பின்னின்று இரும்புக் கவ்வியாற் பிடித்து நிறுத்தும் வழக்கம் இதனாலேயே எழுந்தது.

வியன்னாப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராயிருந்த யோசேப்பு பெற்சுவல் இக்குறையைப் போக்க முற்பட்டார். வில்லை செய்வோர் அதுகாறும் கைப்பழக்கத்தாலும் மீண்டும் மீண்டும் முயன்று பார்த்தும் தேடிய விடையை அவர் கணக்கினால் தேடினார். கணக்கிடுதலிற் பயின்ற பீரங்கிப் படையினர் சிலர் அவருக்குத் துணையாக அளிக்கப்பட்டனர் என்பர். 1840இல் முடிவுற்ற அவ்வமைப்பில் நான்கு கண்ணாடிகள் இருந்தன. அதனை வொய்க்லாந்தர் என்னும் வியன்னா நிறுவனம் செய்து விற்றது. உரிமை பற்றிப் பேராசிரியரும் நிறுவனத்தாரும் பின்னர்ப் பகைத்துக்கொண்டனர். அக்கதை இங்கு வேண்டுவதன்று.

அவ்வில்லையின் சிறப்பை ஓர் எளிய கணக்கால் உணரலாம். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது துவார எண் எனப்படும். அவ்வெண் குறையக் குறைய உட்புகும் ஒளி வர்க்க வீதத்தில் மிகும். செவாலியேயின் வில்லைக்கு அவ்வெண் ஏறத்தாழ 15. பெற்சுவலின் வில்லைக்கு 3.6. ஆகவே பின்னையது ஏறக்குறைய 17 மடங்கு ஒளியைத் தந்தது. தகட்டின் இரசாயன முறைகளும் உடன் திருந்தியமையால், ஒரு நிமிடத்திற்குள்ளேயே முகத்தைப் பதிக்க முடிந்தது. நடுவிற் கூர்மையும் ஓரங்களிற் குழைவும் உடைமை அவ்வில்லையின் குறைபாடு. எனினும் முகம் நடுவிலேயே அமைவதால், அக்குறைபாடே அதற்கோர் அழகாயிற்று.

இனி, குவியத்தூரத்தைப் பற்றி நிலவும் ஒரு தவறான கருத்தை ஆராய்தல் வேண்டும். குறுகிய குவியத்தூரமுடைய வில்லை முகத்தைத் திரிக்கும் என்றும், நீண்டது முகத்தைத் தட்டையாக்கும் என்றும் பலர் கூறுவர். உண்மையில் முகத்தின் உறுப்புக்களிடையேயுள்ள அளவுப் பொருத்தத்தை நிருணயிப்பது வில்லையன்று. கமரா நிற்கும் தூரமே. மூக்கு நுனிக்கும் செவிக்கும் இடையே 12 செ.மீ. இடைவெளி உண்டெனக் கொள்வோம். கமரா மூக்கிலிருந்து 45 செ.மீ. தொலைவில் நின்றால் செவி 57 செ.மீ. தொலைவிலிருக்கும், எனவே மூக்குச் செவியினும் 27 வீதம் பெரிதாக்கப்படும். கமராவை 2 மீற்றருக்கு அப்பால் நிறுத்தினால் அவ்வேறுபாடு 6 வீதமாகச் சுருங்கும். இதனை ஐயுறும் மாணவர், ஒரே இடத்தில் நின்று 50 மி.மீ. வில்லையாலும் 100 மி.மீ. வில்லையாலும் ஒரு முகத்தைப் படம்பிடித்து, முதற் படத்தின் நடுப்பகுதியைப் பெருப்பித்து இரண்டாவதனோடு ஒப்பிடுக. இரண்டிலும் முகத்தின் அமைப்பு ஒன்றாகவே இருக்கும்.

அங்ஙனமாயின் வில்லையைத் தெரிய வேண்டுவது ஏன்? தலையும் தோளும் சட்டத்தை நிரப்ப வேண்டும் என்னும் விருப்பமே படம்பிடிப்பவரை முன்னோக்கி இழுக்கிறது. 24 மி.மீ. அகலமும் 36 மி.மீ. நீளமும் உள்ள சட்டத்தில் 60 செ.மீ. உயரமான பகுதியை நிரப்புவதற்கு, 35 மி.மீ. வில்லையுடையவர் ஏறத்தாழ 60 செ.மீ. தொலைவிற்கு நெருங்க நேரிடும். 50 மி.மீ. வில்லை ஏறக்குறைய 90 செ.மீ. தொலைவையும், 85 மி.மீ. வில்லை ஒன்றரை மீற்றரையும், 105 மி.மீ. வில்லை ஏறத்தாழ 1.85 மீற்றரையும் தரும். இருவர் எதிரெதிரே அமர்ந்து உரையாடும் தூரம் பின்னைய இரண்டிற்கும் அணித்தானது. நாம் அறிந்த முகம் அத்தூரத்திற் கண்ட முகமே. 85 முதல் 105 வரையுள்ள வில்லைகள் உருவப்பட வில்லைகள் எனப் பெயர்பெற்றமைக்குக் காரணம் இதுவே. 1984இல் ஸ்டீவ் மக்கரி பிடித்த, உலகெங்கும் அறியப்பட்ட ஆப்கானியச் சிறுமியின் படமும் 105 மி.மீ. நிக்கோர் வில்லையால் ஆயது. சிறிய உணரியுடைய கமராக்களில் அளவுகள் மாறும். ஒன்றரை மடங்கு சிறிய உணரிக்கு 56 மி.மீ. வில்லை 85 மி.மீ. வில்லையின் தொழிலைச் செய்யும். 50 மி.மீ. வில்லை மலிவானதாதலின், அத்தகைய கமராவையுடைய மாணவர் வேறொன்றையும் தேடவேண்டியதில்லை.

இவ்விதியை எல்லா முகங்களுக்கும் ஒருபடித்தாகப் பொருத்துதலும் கூடாது. எடுப்பான மூக்குடையவரைச் சற்று விலகி நின்று பிடித்தல் நன்று. அகன்று பரந்த முகத்தைச் சற்று நெருங்கிப் பிடித்தால், அது ஓரளவு ஒடுங்கித் தோன்றும். அறையின் அளவும் பார்க்கப்படல் வேண்டும். நின்றவரை அடி முதல் முடிவரை 105 மி.மீ. வில்லையாற் பிடிக்க ஏறத்தாழ 6 மீற்றர் இடம் வேண்டும். நம் வீட்டு விறாந்தைகளில் அவ்வளவு நீளம் அரிது. அங்கே 50 மி.மீ. வில்லையே கைகொடுக்கும்.

துவாரத்தின் பெருமையைக் குறித்து இக்காலத்தில் மிகைப்பட்ட மோகம் நிலவுகின்றது. பெரிய துவாரம் பின்னணியைக் கரைத்து முகத்தைத் தனித்துக் காட்டும் என்பது மெய். ஆயினும் 85 மி.மீ. வில்லையை 1.4 என்னும் துவார எண்ணில் வைத்து ஒன்றரை மீற்றரிற் படம்பிடித்தால், கூர்மையாகத் தோன்றும் ஆழம் ஏறத்தாழ இரண்டரைச் செ.மீ. மட்டுமே. ஒரு கண் தெளிந்து மறுகண் மங்கும். 5.6இல் அவ்வாழம் 10 செ.மீ. அளவாகும். 1.4 வில்லை 2 வில்லையினும் இருமடங்கு ஒளி தருவதேயன்றி இருமடங்கு நல்ல முகத்தைத் தருவதில்லை. விலையோ பன்மடங்கு உயரும். திரையை விலக்கிச் சன்னலோரம் ஒருவரை அமர்த்துதல் அச்செலவினை மிச்சப்படுத்தும்.

கூர்மை ஒன்றே வில்லையின் குணமென்று கொள்வோர், இலங்கை மண்ணில் அடக்கமான ஓர் அம்மையாரின் படங்களைக் காண்பது தகும். 1815இற் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரட் கமரன், 1863இன் இறுதியில், தமது 48ஆம் வயதில், ஒரு கமராவைப் பரிசாகப் பெற்றார். வைற்றுத் தீவில் வாழ்ந்த அவர் டெனிசன், ஏர்சல் முதலிய பேரறிஞரைப் படம்பிடித்தார். அவர் முதலிற் கையாண்டது பெற்சுவல் அமைப்பைத் தழுவிய பிரெஞ்சு வில்லை. பின்னர் 15 அங்குலம் நீளமும் 12 அங்குலம் அகலமுமான தகட்டை ஏற்கும் பெரிய கமராவும், டால்மையர் செய்த 30 அங்குலக் குவியத்தூர வில்லையும் கொண்டார். முழுக்கூர்மை வரும்வரை வில்லையைத் திருகாது, கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவது அவர் முறை. அக்காலத்துத் தொழிலாளர் அதனைத் திறமையின்மை என இகழ்ந்தனர். இன்று அவருடைய படங்களே அக்காலத்தாரின் முகங்களை உயிரோடு காட்டுகின்றன. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்த அவர் இங்கும் சில படங்களைப் பிடித்து, 1879இல் மறைந்து, பொகவந்தலாவை மாதா கோயில் மயானத்தில் அடங்கினார்.

அம்மையார் கையாற் செய்த குழைவைப் பிற்காலத்தார் கண்ணாடியிலேயே அமைத்தனர். 1935இல் லைற்சு நிறுவனம் வெளியிட்ட 90 மி.மீ. தம்பார் வில்லை, கோளப்பிறழ்ச்சியை வேண்டுமென்றே மிகுத்து, கூர்மையான விம்பத்தின்மேல் மெல்லிய ஒளிப்படலம் போர்த்தியது போன்ற தோற்றத்தைத் தருவது. முதியோரின் முகச்சுருக்கங்களை மறைக்க அது உதவுமாயினும், பாட்டனாரின் சுருக்கங்களை மறைக்கத்தான் வேண்டுமா என்பதைப் பேரர்களிடம் கேட்டறிதல் நன்று.

கைத்தொலைபேசியே இன்று பெரும்பாலோரின் கமரா. அதன் தலைமை வில்லை பெரும்பாலும் முழுச்சட்டக் கமராவின் 24 முதல் 28 மி.மீ. வரையிலான வில்லைக்கு ஒப்பானது. 2018இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழொன்றில் வெளிவந்த கணிப்பின்படி, 12 அங்குலத்திற் பிடித்த படத்தில் மூக்கின் அகலம், 5 அடியிற் பிடித்த படத்திற் காண்பதினும் ஏறத்தாழ 30 வீதம் மிகுந்து தோன்றும். தன் முகத்தைத் தானே கைநீட்டிப் பிடித்துப் பார்த்து வருந்தும் இளைஞர் அறியவேண்டியது இது: குறை மூக்கினதன்று, கையின் நீளத்தினது. தொலைபேசியில் இரண்டு அல்லது மூன்று மடங்கு நீண்ட இரண்டாவது வில்லை இருப்பின் அதனைத் தெரிந்து, மற்றொருவர் கையிற் கொடுத்து, ஒன்றரை மீற்றர் விலகி நிற்கச் செய்க. அஃது இல்லையாயினும் அத்தூரத்தில் நின்றே பிடித்து, வேண்டாத ஓரங்களைப் பின்னர் வெட்டி நீக்கலாம். நுண்மை சிறிது குறையும், முகம் குறையாது.