டைலிங் சாளர மேலாளர்

டைலிங் சாளர மேலாளர் என்பது கணினித் திரையில் திறக்கப்படும் சாளரங்களை ஒன்றை ஒன்று மறைக்காதவாறு, தரையில் ஓடு பதிப்பது போல, பக்கம் பக்கமாகத் தானே அமைக்கும் மென்பொருள் ஆகும். லினக்ஸ், பி.எஸ்.டி. வகை இயங்குதளங்களில் இது பயன்படுகிறது. டிடபிள்யூஎம், எக்ஸ்மொனாட், ஆசம், ஐ3, ஸ்வே ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. லினக்சுக்குப் புதியவர்கள் இவற்றை ஆர்வத்துடன் நிறுவி, பட்டியோ படவுருவோ இல்லாத வெற்றுத் திரையைக் கண்டு திகைப்பதுண்டு. சாளர மேலாளருக்கும் பணிச்சூழலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால் இத்திகைப்பு நீங்கும்.

சாளர மேலாளரும் பணிச்சூழலும்

யுனிக்ஸ் வகைக் கணினிகளில் வரைகலை இடைமுகத்துக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது எக்ஸ் சாளர முறைமை ஆகும். இது 1984இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டது. திரையில் வரைவதற்கும், விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் உள்ளீட்டைப் பெறுவதற்கும் உரிய வசதிகளை இது தருகிறது. ஆனால் ஒரு சாளரம் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை இது தீர்மானிப்பதில்லை. அப்பணி சாளர மேலாளர் எனும் தனி நிரலிடம் விடப்பட்டது. இதனாலேயே ஒரு சாளர மேலாளருக்குப் பதிலாக வேறொன்றைப் பயனர் தெரிவு செய்துகொள்ள முடிகிறது.

பணிச்சூழல் என்பது சாளர மேலாளரைத் தன் உறுப்புகளுள் ஒன்றாகக் கொண்ட தொகுப்பு ஆகும். பட்டி, கோப்பு மேலாளர், அமைப்புகள், அறிவிப்புகள், திரைப்பூட்டு முதலியனவும் அதில் அடங்கும். கேடிஇ திட்டத்தை 1996இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கினார். க்னோம் திட்டத்தை 1997இல் மிகெல் டி இக்காசா, பெடரிக்கோ மேனா ஆகியோர் தொடங்கினர். கேடிஇயின் சாளர மேலாளர் கேவின் எனவும், இன்றைய க்னோமின் சாளர மேலாளர் மட்டர் எனவும் அழைக்கப்படுகின்றன.

வரலாறு

சாளரங்களைப் பக்கம் பக்கமாக அமைக்கும் முறை புதியதன்று. 1981இல் வெளிவந்த செராக்ஸ் ஸ்டார் கணினி பயன்பாட்டுச் சாளரங்களை இவ்வாறே அமைத்தது. 1985இல் வெளியான மைக்ரோசாப்ட் விண்டோஸ் 1.0 பதிப்பிலும் பயன்பாட்டுச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய இயலாது. 1987இல் வந்த 2.0 பதிப்பு அதனை அனுமதித்தது. பின்னர் மேற்படியும் சாளரங்களே பொது வழக்கமாயின.

2000ஆம் ஆண்டளவில் ராட்பாய்சன், அயான் ஆகியவற்றால் டைலிங் முறை லினக்ஸ் பயனரிடையே மீண்டும் கவனம் பெற்றது. 2006இல் டிடபிள்யூஎம், 2007இல் ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்ட எக்ஸ்மொனாட், 2009இல் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் எழுதிய ஐ3 ஆகியவை வெளிவந்தன.

எக்ஸ் முறைமைக்கு மாற்றாக 2008இல் வேலண்ட் தொடங்கப்பட்டது. வேலண்டில் திரையைக் கையாளும் வழங்கியும் சாளர மேலாளரும் ஒரே நிரலாக இணைந்துள்ளன. ஆகவே எக்ஸ் முறைமைக்காக எழுதப்பட்ட ஐ3 வேலண்டில் சாளர மேலாளராகச் செயற்பட இயலாது. ஐ3இன் அமைவுக் கோப்பை ஏற்கும் வகையில் வேலண்டுக்காக எழுதப்பட்டதே ஸ்வே ஆகும், அதன் 1.0 பதிப்பு 2019இல் வெளிவந்தது.

வகைகள்

தன்னியக்க வகை: சாளரங்களின் இடத்தை நிரலே தீர்மானிக்கிறது. டிடபிள்யூஎம்மின் இயல்பான அமைப்பில் முதற்சாளரம் திரை முழுவதையும் நிரப்பும். அடுத்த சாளரம் திறக்கப்பட்டதும் திரை இரண்டாகப் பிரிந்து, இடப்புறத்தில் முதன்மைச் சாளரமும் வலப்புறத்தில் ஏனையவையும் அமையும். எக்ஸ்மொனாடும் ஆசமும் இவ்வகையின.

கைமுறை வகை: திரையைக் கிடையாகப் பிரிப்பதா, நெடுக்காகப் பிரிப்பதா என்பதைப் பயனர் கூறுகிறார். ஐ3, ஸ்வே ஆகியவை இவ்வகையின. உரையாடல் பெட்டி போன்ற சிறு சாளரங்கள் இரு வகையிலும் பொதுவாக மிதக்கும் சாளரங்களாகவே தோன்றும்.

இயக்கும் முறை

இவை பெரும்பாலும் விசைப்பலகையால் இயக்கப்படுகின்றன. ஐ3 முதன்முறை தொடங்கும்போது ஓர் அமைவுக் கோப்பை உருவாக்கட்டுமா எனவும், விண்டோஸ் விசை, ஆல்ட் விசை ஆகியவற்றுள் எதனை முதன்மை விசையாகக் கொள்வது எனவும் கேட்கும். அதன் இயல்பிருப்பு அமைப்பில் பின்வருவனவற்றை முதலில் அறிந்துகொள்வது போதுமானது.

- முதன்மை விசையுடன் என்டர்: முனையத்தைத் திறக்கும்.
- முதன்மை விசையுடன் டி: நிரலின் பெயரைத் தட்டச்சிட்டுத் தொடங்க உதவும்.
- முதன்மை விசையுடன் ஓர் எண்: அவ்வெண்ணுக்குரிய பணியிடத்துக்கு மாற்றும்.
- முதன்மை விசை, ஷிப்ட், கியூ: சாளரத்தை மூடும்.
- முதன்மை விசை, ஷிப்ட், ஈ: அமர்விலிருந்து வெளியேறும்.

பணிச்சூழல் இல்லாதபோது

பணிச்சூழல் ஓசையின்றிச் செய்துவந்த பணிகள், சாளர மேலாளரை மட்டும் பயன்படுத்தும்போதே புலப்படுகின்றன. யூஎஸ்பி நினைவகத்தைச் செருகினால் அது தானாகத் திறக்காமல் இருக்கலாம். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் சாளரம் தோன்றாததால் சில நிரல்கள் காரணம் கூறாமலே நின்றுவிடலாம். ஒலி, ஒளிர்வு ஆகியவற்றுக்கான விசைகள் செயற்படாதிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் உண்டு. அதனை நிறுவி, அமர்வின் தொடக்கத்தில் இயங்குமாறு அமைவுக் கோப்பில் எழுத வேண்டும்.

இவற்றுள் திரைப்பூட்டு முதன்மையானது. மடிக்கணினியை மூடித் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கப்படுகிறதா என்பதைச் சோதித்தறியாமல் அதனைப் பொது இடத்துக்கு எடுத்துச்செல்வது பாதுகாப்பானதன்று.

தமிழில் தட்டச்சிடுவோர் கவனிக்க வேண்டியது உள்ளீட்டு முறை ஆகும். க்னோம் பணிச்சூழல் ஐபஸ் உள்ளீட்டு முறையைத் தானே தொடங்குகிறது. தனித்த சாளர மேலாளரில் ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் நிரலைப் பயனரே தொடங்குமாறு அமைக்க வேண்டியிருக்கும்.

முயன்று பார்க்கும் வழி

இருக்கும் பணிச்சூழலை நீக்க வேண்டியதில்லை. டெபியன், உபுண்டு போன்ற வழங்கல்களின் களஞ்சியத்திலிருந்து ஐ3ஐ நிறுவினால், புகுபதிகைத் திரையில் உள்ள அமர்வுப் பட்டியலில் அதன் பெயரும் சேரும். பயனர் அதனைத் தெரிந்து நுழையலாம்; விரும்பாவிடில் வெளியேறிப் பழைய அமர்வைத் தெரியலாம். கோப்புகள் இதனால் மாறுவதில்லை.

க்னோம், கேடிஇ போன்ற இரு முழுப் பணிச்சூழல்களை ஒரே பயனர் கணக்கில் முயல்வது சற்று வேறானது. தோற்றம், எழுத்துரு, இயல்பிருப்பு நிரல்கள் ஆகியவற்றின் அமைப்புகள் ஒன்றோடொன்று கலக்கக்கூடும். பட்டியில் ஒரே பணிக்குரிய நிரல்கள் இரண்டிரண்டாகத் தோன்றும். இதற்கெனப் புதிய பயனர் கணக்கையோ மெய்நிகர்க் கணினியையோ பயன்படுத்துவது நன்று.

திரை எதற்கும் அசையாவிடின் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் பொதுவாக எழுத்துவழி முனையம் கிடைக்கும். அங்கே நுழைந்து அமைவுக் கோப்பைத் திருத்தலாம். திருத்துமுன் அக்கோப்பின் படியொன்றை எடுத்துவைப்பது பயனுள்ள பழக்கம் ஆகும்.

நிறைகளும் குறைகளும்

சாளரங்களை இழுத்து ஒழுங்குபடுத்தும் வேலை குறைவதும், கை விசைப்பலகையை விட்டு அகலாமல் பணிபுரிய முடிவதும் இம்முறையின் நிறைகள். நிரல் எழுதுவோர், பல முனையங்களை ஒருங்கே பயன்படுத்துவோர் ஆகியோருக்கு இது பொருந்துகிறது. படத்தொகுப்பு போன்று சுட்டியை மிகுதியாகச் சார்ந்த பணிகளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. தொடக்கத்தில் விசைகளை மனத்தில் இருத்தவும் அமைவுக் கோப்பை எழுதவும் காலம் செலவாகும்.

பணிச்சூழலை விடாமலே டைலிங் வசதியைப் பெறவும் வழியுண்டு. பாப் ஓஎஸ் வழங்கல் 2020இல் க்னோமின் மீது தானியங்கு டைலிங்கை வழங்கியது. கேடிஇயின் பிளாஸ்மா 5.27 பதிப்பு 2023இல் பயனர் தாமே திரையைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. டைலிங் முறை தமக்கு உகந்ததா என அறிய விரும்பும் புதிய பயனர், திரைப்பூட்டு முதலிய வசதிகளை இழக்காமல் இவ்வழியில் தொடங்கலாம்.