ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா?

வீட்டுக்கு முதன்முதலாக இணைய இணைப்பு எடுக்கவிருக்கும் வர்த்தகர்கள் பலர், "எந்த ரவுட்டர் நல்லது?" என்றே முதலில் கேட்கின்றனர். அதற்கு முன்னர், வீட்டுக்கு வரப்போவது எந்த வகை இணைப்பு என்பதைக் கம்பனியிடம் கேட்டறிய வேண்டும். செப்புக் கம்பித் தொலைபேசியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்புக்கான பெட்டி வேறு, ஃபைபருக்கானது வேறு, சிம் அட்டை போடும் 4ஜி ரவுட்டர் வேறு. மலிவாகக் கிடைத்ததென்று புறக்கோட்டையில் வாங்கி, பொருந்தாமல் அலுமாரியில் கிடக்கும் பெட்டிகள் அநேகம்.

ஃபைபர் என்றால் கம்பனியே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தும். பெரும்பாலும் அதிலேயே வைஃபை இருக்கும். சிறிய வீட்டுக்கு அது போதும். ஒரு மாதம் பாவித்துப் பார்த்து, போதாவிட்டால் மாத்திரம் அதனுடன் இன்னொரு ரவுட்டரை இணைக்கலாம்.

அப்படி வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள பெரிய இலக்கத்தை நம்பிவிட வேண்டாம். 'ஏசி 1200' என்பது 2.4 கிகாஹேர்ட்ஸில் 300 மெகாபிட், 5 கிகாஹேர்ட்ஸில் 867 மெகாபிட் ஆகிய இரண்டையும் கூட்டி, கொஞ்சம் உயர்த்திப் போட்ட கணக்காகும். உங்கள் கைபேசியோ பொதுவாக ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும். இரண்டு மூட்டை அரிசியின் நிறையை ஒரே மூட்டையில் எழுதி விற்றால் நாம் சும்மா இருப்போமா? பெட்டியின் பின்புறத்தையும் பாருங்கள். கேபிள் செருகும் இடம் '10/100' வகையென்றால் 100 மெகாபிட்டுக்கு மேல் உள்ளே வராது. 300 மெகாபிட் பெக்கேஜுக்கு மாதாந்தம் பணம் கட்டினாலும் மிகுதி வீண்தான். 'கிகாபிட்' என்று இருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

அன்டெனாக்களை எண்ணிப் பார்ப்பதால் பயனில்லை. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. ஆனால் கொங்கிரீட் தட்டைத் தாண்டச் சிரமப்படும். மாடி வீடென்றால், விலையுயர்ந்த ஒரு பெட்டிக்குச் செலவிடுவதிலும் பார்க்க, மேலே ஒரு கேபிள் இழுத்து அங்கு சாதாரண ரவுட்டர் ஒன்றை வைப்பது மேல்.

கடையின் கமராவையும் வங்கிக் கணக்கையும் வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் பாதுகாப்பில் அசட்டையாக இருக்கக்கூடாது. விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுக்கும் வசதியும், 'டபிள்யூபிஏ 3' பாதுகாப்பும் உள்ளதா எனக் கேளுங்கள். உற்பத்தியாளர் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய மொடல்களும் கழிவு விலையில் வரும், அவை வேண்டாம். பூட்டிய அன்றே ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

2022இல் பல மணி நேர மின்வெட்டை அனுபவித்த நமக்கு, ரவுட்டருக்கான சிறிய பற்றரி யூபிஎஸ் புதிதல்ல. அதை வாங்கச் செல்லுமுன் அடெப்டரில் உள்ள வோல்ட், அம்பியர் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியானால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றை மாத்திரம் பற்றரியில் போட்டால் வைஃபை அடையாளம் தெரியும், இணையம் வராது.